மருத்துவக் கஞ்சா பற்றிப் படிக்க வேண்டுமா? ஒரு மருந்தாளுநருக்குப் பதில்

கேள்வி: நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். வலிப்பு, புற்றுநோய் நோயாளிகளின் வீட்டார் சி.பி.டி. (கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத பொருள்) எண்ணெய் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தெளிவாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மருத்துவக் கஞ்சா பற்றி இணையவழிப் படிப்புகள் நிறைய இருக்கின்றன. இரண்டு நாளில் சான்றிதழ் தருவதும் உண்டு, இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டமும் உண்டு. எதைப் படிப்பது? படித்தால் நோயாளிகளுக்கு நானே பரிந்துரைக்க முடியுமா? வேலைக்கு உதவுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலர் பணத்தை இழப்பது அதில்தான். முடியாது. மருந்து எழுதும் அதிகாரம் சட்டத்திலிருந்தும் தொழில் உரிமத்திலிருந்தும் வருவது. எந்தப் படிப்பின் சான்றிதழும் அதைக் கூட்டிவிடாது. மருந்தாளுநராக இன்று உங்களுக்கு என்ன அனுமதி இருக்கிறதோ, படித்து முடித்த பிறகும் அதே அனுமதிதான். ஆகவே நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கஞ்சா சார்ந்த மருந்துகளுக்கு என்ன சட்டம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைமருந்து ஆணையம், 1961ஆம் ஆண்டு போதைமருந்து உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காவது பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது உண்மை. அதே உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது, கட்டுப்பாடும் இருக்கிறது. 'ஐ.நா.வே அனுமதித்துவிட்டது' என்று ஒரு படிப்பின் விளம்பரம் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அப்படியென்றால் படித்து என்ன பயன்? நிறையவே இருக்கிறது. நோயாளிகள் கேட்கிறார்கள். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் எண்ணெய் விற்பவர் சொல்வார். என்னைக் கேட்டால், எப்போது கொடுக்கலாம் என்பதோடு, எப்போது 'வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுத் தருவதுதான் உருப்படியான பயிற்சி. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை அறிவியலை எல்லாப் படிப்புகளும் சொல்லித் தருகின்றன. 1964இல் ரஃபேல் மெஷூலாமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தது, 1990இல் அது மூளையில் போய் ஒட்டும் சி.பி.1 ஏற்பியின் மரபணு கிடைத்தது, 1992இல் அதே ஏற்பியில் ஒட்டும், நம் உடலே சுரக்கும் அனந்தமைடு கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தியல் படித்த உங்களுக்கு இதெல்லாம் ஒரு மாலை நேர வாசிப்பு. இந்த வரலாற்றிலிருந்து மருத்துவத்துக்கு என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத் தண்டுப் பகுதியில் சி.பி.1 ஏற்பிகள் மிகக் குறைவு. அதனால்தான் மார்பின் போன்ற ஓபியாய்டுகளைப் போல மூச்சை நிறுத்திவிடும் ஆபத்து இதில் பெரியவர்களுக்குக் குறைவு. இது சரியான செய்தி. இதை மட்டும் சொல்லிவிட்டு, மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தில் டி.எச்.சி. என்ன செய்யும், கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஏன் தவிர்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பாடம்தான்.

அடுத்து, மருந்து உடலுக்குள் போகும் வழி. புகையாகவோ ஆவியாகவோ உள்ளே போனால் சில நிமிடங்களில் வேலை தெரியும். வாய்வழியாகக் கொடுத்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். போதாததற்கு, கல்லீரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற இன்னொரு வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. 'ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே தெரியலையே' என்று நோயாளி இரண்டாவது முறை எடுப்பார். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். பதற்றம், தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்போடு அவசரப் பிரிவுக்கு வரும் முதியவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இதுதான்.

உங்கள் கவுண்டருக்கே வரக்கூடிய ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள குழந்தை, டிராவே நோய்த்தொகுப்பு என்ற அரிய வலிப்பு நோய், ஏற்கெனவே குளோபாசாம் என்ற வலிப்பு மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஒரு சி.பி.டி. எண்ணெய் பாட்டிலைக் காட்டுகிறார்: 30 மில்லி, மொத்தம் 1500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அதாவது ஒரு மில்லியில் 50 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு என்று வைத்தால் ஒரு சொட்டில் இரண்டரை மில்லிகிராம். 'தினமும் பத்து சொட்டு கொடுக்கிறோம்' என்கிறார் அவர். அது 25 மில்லிகிராம்.

இப்போது ஆய்வுகளில் கொடுத்த அளவைப் பாருங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூனில் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்தின் தொடக்க அளவு, இந்த நோய்க்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். அதாவது இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. அதிகபட்சம் கிலோவுக்கு 20, அதாவது 400 மில்லிகிராம். அப்பா வைத்திருக்கும் பாட்டிலில் அந்த அளவைக் கொடுத்தால் நான்கு நாள்கூட வராது. ஆக, 'ஆய்வில் வலிப்பு குறைந்தது' என்று அவர் படித்த செய்தியும் அவர் கொடுக்கும் பத்து சொட்டும் வேறு வேறு விஷயங்கள். பத்து சொட்டு பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சி.பி.டி., சி.ஒய்.பி.2சி19 என்ற கல்லீரல் என்சைமைத் தடுக்கிறது. முழு அளவில் கொடுக்கும்போது குளோபாசாம் உடலில் மாறி உருவாகும், அதே வேலையைச் செய்யும் பொருள் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறுகிறது. குழந்தை தூங்கி வழியும். 'எண்ணெய் நல்லா வேலை செய்யுது, அமைதியா இருக்கான்' என்று வீட்டில் நினைத்துக்கொள்ளக்கூடும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சேர்ந்திருந்தால் கல்லீரல் என்சைம்கள் உயர்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை தேவை. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு கொடுத்தால் உடலுக்குள் சேரும் சி.பி.டி. நான்கைந்து மடங்காகிவிடும். அதனால் தினமும் ஒரே மாதிரி, உணவோடென்றால் உணவோடு, இல்லையென்றால் இல்லாமல் கொடுக்கச் சொல்ல வேண்டும். எபிடியோலெக்ஸில் எள் எண்ணெய் இருக்கிறது. குழந்தைக்கு எள் ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியைப் பெரும்பாலும் மருந்தாளுநர்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு படிப்பு இப்படிப்பட்ட ஒரு குழந்தையை உங்கள் முன் நிறுத்தி, கணக்குப் போட வைத்து, மருத்துவரிடம் என்ன சொல்வீர்கள் என்று எழுத வைக்கிறதா? அப்படியென்றால் சேரலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) ஏறியது, உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவருக்கு, உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடியது போன்ற நோயாளி அறிக்கைகளையும் அங்கே விவாதிக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான பகுதி சான்றுகளை எடைபோடுவது. 2017இல் அமெரிக்க தேசிய அகாடமிகள் வெளியிட்ட பெரிய அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கஞ்சா பயன்படுகிறது என்பதற்குக் கணிசமான சான்று இருப்பதாகச் சொன்னது. 2021இல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், வலிக்குக் கன்னாபினாய்டுகளை (டி.எச்.சி., சி.பி.டி. போன்ற பொருட்களை) பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்று அறிவித்தது. இரண்டும் மதிப்புள்ள அமைப்புகள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. முதலாவது, விளைவு இருக்கிறதா என்று தேடியது. இரண்டாவது, பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குப் பலனும் பாதுகாப்பும் நிரூபணமாகியிருக்கிறதா என்று கேட்டது. நடுவில் 2018இல் நரம்பு வலி பற்றி, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, பலனைவிடப் பாதிப்பு அதிகமாக இருக்கக்கூடும் என்றது. ஆய்வுகளில் பல சில வாரங்களில் முடிந்தவை, ஒவ்வொன்றிலும் கொடுத்த பொருளும் வேறு. இந்த முரண்பாட்டை மாணவர்கள் முன் வைத்து வாதிடச் சொல்லும் ஆசிரியரிடம் தாராளமாகப் படிக்கலாம். 2017 அறிக்கையை மட்டும் காட்டிவிட்டு 2021ஐப் பற்றி வாயே திறக்காத பாடத்திட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பயன்களும் உண்டு: சில அரிய வலிப்பு நோய்கள், வேறு மருந்துகளுக்கு அடங்காத கீமோதெரபிக் குமட்டல், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் வரும் தசை இறுக்கம். குமட்டலுக்கான, செயற்கை டி.எச்.சி.யான டிரோனாபினால் 1985லேயே அனுமதி பெற்றது. இன்னொரு பக்கம், கண் அழுத்த நோயில் டி.எச்.சி. அழுத்தத்தைக் குறைப்பது உண்மைதான், ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டுக்குள் வைக்க வேண்டிய நோய்க்கு அது எப்படிச் சரிப்படும்? புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. உங்களிடம் கேட்கும் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு இதைப் பரிவோடும், மழுப்பாமலும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் அதிகமாகக் கஞ்சா எடுப்பவர்களுக்கு அதனாலேயே தீராத வாந்தி வருவதும் உண்டு. வெந்நீரில் குளித்தால் கொஞ்சம் அடங்குகிறது என்பார்கள். கீமோதெரபி எடுப்பவரிடம் இதைக் கண்டுபிடிக்காவிட்டால், வாந்திக்கென்று இன்னும் கொஞ்சம் கஞ்சா கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆய்வகப் பாடம் இல்லாத படிப்பும் குறைதான். செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில்தான் இருக்கிறது. சூடுபட்டால்தான் மாறும். ஓர் ஆய்வக அறிக்கையில் அமில வடிவம் 20 சதவீதம், டி.எச்.சி. 0.8 சதவீதம் என்று இருந்தால், மாறும்போது எடை கொஞ்சம் குறைவதால் 20ஐ 0.877ஆல் பெருக்கி 0.8ஐக் கூட்ட வேண்டும். மொத்தம் 18.34. '0.8தானே, குறைவுதான்' என்று விட்டுவிடக் கூடாது. இந்தச் செடி மண்ணிலிருந்து காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியது. அதில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோயாளியின் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. லேபிளையும் அப்படியே நம்ப முடியாது. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 31 சதவீதம் மட்டுமே. 18 பொருட்களில் டி.எச்.சி. இருந்தது.

சரி, எந்தப் படிப்பு? இரண்டு நாள் சான்றிதழை விட்டுவிடுங்கள். நோயாளிகளுக்குப் பதில் சொல்வதுதான் நோக்கம் என்றால், உங்கள் மருந்தியல் கவுன்சில் தொடர்கல்விக்கு அங்கீகரிக்கும் சில வார, சில மாதப் படிப்பே போதும். உங்கள் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள், நடத்துபவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதுநிலைப் பட்டம் என்றால் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருந்தியல் பள்ளி 2019இல் தொடங்கிய இரண்டு ஆண்டுப் படிப்பு நன்கு அறியப்பட்டது. பெரும்பகுதி இணையவழிதான். ஆராய்ச்சி, மருந்து ஒழுங்குமுறை, கற்பித்தல் என்று போக நினைப்பவர்களுக்கு அந்த அளவு உழைப்பும் செலவும் தகும். கவுண்டரில் பதில் சொல்வதற்காக மட்டும் இரண்டு ஆண்டைச் செலவிட நான் சொல்ல மாட்டேன்.

சேர்வதற்கு முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாடம் எடுப்பவர்கள் யார், அவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்களா, பாடத்துக்குப் பணம் கொடுப்பது கஞ்சா நிறுவனமா, பாதிப்புகளுக்கும் மருந்துகள் ஒன்றையொன்று பாதிப்பதற்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், தேர்வில் தோற்றவர்கள் உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். யாருமே தோற்காத தேர்வை நடத்துபவர்கள் விற்பது சான்றிதழை மட்டும்தான். பதிலே வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, 'கஞ்சா ஆலோசகர்' என்ற பட்டத்துக்காக யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். மருந்தாளுநர் என்ற தகுதியோடு இந்த அறிவும் சேரும்போதுதான் மதிப்பு. மருத்துவப் பரிசோதனைகளில் மருந்துப் பொறுப்பு, பக்க விளைவுக் கண்காணிப்பு, தரக் கட்டுப்பாடு, ஒழுங்குமுறைக் கோப்புகள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. சட்டம் எங்கே எப்படி மாறும் என்பதை நம்பி இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

படிப்பு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே யாராவது எண்ணெய் பற்றிக் கேட்டால், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவ்வளவு மில்லி, எத்தனை வேளை, சாப்பாட்டோடா, வேறென்ன மருந்துகள் என்று கேட்டு நோயாளியின் கோப்பில் எழுதி, மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். திட்டுவார்களோ என்று பயந்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள், அதனால் குரலில் கண்டிப்பு வேண்டாம். பாட்டிலில் ஹெம்ப் (கஞ்சாச் செடி) விதை எண்ணெய் என்று எழுதியிருந்தால் அதில் சி.பி.டி. கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதை நம்பி வலிப்பு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களா என்று அப்போதே கேளுங்கள். குறைத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.