வலைத்தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்ய ஒரு பிளகின் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) போதுமா?

போதாது. உங்கள் தளத்தில் ஒரு விண்ணப்ப ஃபார்ம், கொஞ்சம் படங்கள், ஒரு வீடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையின் மூலையில் சின்ன ஐகானாக உட்கார்ந்திருக்கும் அந்த மாதிரி பிளகின்கள் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். அது தேவைப்படுபவர் பெரும்பாலும் தன் கணினியிலோ போனிலோ ஏற்கெனவே அப்படி அமைத்து வைத்திருப்பார். பக்கத்தை உருவாக்கும் குறியீடான எச்டிஎம்எல்லில் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

முதலில் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து உங்கள் ஃபார்மை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பார்வையற்றவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் எனப் பலர் இப்படித்தான் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு: 'அனுப்பு' என்ற பட்டன் உண்மையில் பட்டனே இல்லை. ஒரு டிவ்வுக்கு, அதாவது எச்டிஎம்எல்லில் வெறும் கட்டமாக இருக்கும் ஒன்றுக்கு, நிறம் கொடுத்து, கிளிக் செய்தால் மட்டும் இயங்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதியிருப்பார்கள். டேப் கீ அதில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். பெயர், முகவரி, கல்வி விவரம் என்று எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பியவர் கடைசியில் அனுப்ப வழியில்லாமல் திகைத்துப் போவார். எச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே உள்ள சாதாரண பட்டன் டேகைப் போட்டிருந்தாலே டேப், என்டர், ஸ்பேஸ் எல்லாம் தானாக வேலை செய்திருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒருவர் விண்ணப்பிக்க முடியாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை.

டேப் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் கட்டத்தை அழகுக்காக, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் எடுத்துவிடாதீர்கள். பார்வை உள்ள கீபோர்டு பயனருக்கு அதுதான் கர்சர்.

அப்புறம் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். விண்டோஸில் என்விடிஏ இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவர் உள்ளேயே இருக்கிறது, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக். திரையைப் பார்க்காமல் உங்கள் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். என்னோடு வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பர் புதிய பக்கம் எதைத் திறந்தாலும் முதலில் எச் கீயைத் தட்டுவார். என்விடிஏவில் அது அடுத்த தலைப்புக்குத் தாவும். நாம் கண்ணால் மேலோட்டமாக மேய்வதை அவர் அப்படிச் செய்கிறார். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் நம் கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும். ஆனால் தலைப்பு டேக் இல்லையென்றால் அந்தக் கீ எங்கேயும் போகாது, அவர் மேலிருந்து வரிவரியாகக் கேட்க வேண்டியதுதான்.

படங்களுக்கு ஆல்ட் (படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் வரி) எழுதும்போது அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். தேடல் பட்டனில் உள்ள லென்ஸ் படத்துக்கு 'தேடு' என்பதே சரி, 'பூதக்கண்ணாடி' அல்ல. வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். ஆல்ட்டே போடாமல் விட்டால் சில சமயம் ஸ்கிரீன் ரீடர் ஃபைல் பெயரைப் படித்துத் தொலைக்கும்.

தமிழ்த் தளங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெம்ப்ளேட்டோடு வந்த மொழிக் குறியீடு பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் உளறலாகலாம், சில குரல்கள் அவற்றைப் படிக்காமலே தாண்டிவிடும். பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை.

மற்றவற்றுக்கு, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023-இல் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல் வழிகாட்டியின் இரட்டை ஏ (AA) நிலையை இலக்காக வையுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்), பெரிய எழுத்துக்கு 3:1. ஃபார்மில் தவறை வெறும் சிவப்புக் கட்டத்தால் காட்டாமல் என்ன தவறு என்று வார்த்தையில் சொல்லுங்கள். வீடியோவுக்கு வசன வரிகள் வேண்டும். தானாக உருவானவற்றைத் திருத்தாமல் போடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்ததும், தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து ஃபார்மை நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தராமல், எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் செய்வது சோதனையாளர் வேலை, அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.