சாலிட்வொர்க்ஸில் நிறமும் டெக்ஸ்ச்சரும்: கேள்வி பதில்

சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் மாடலுக்கு அப்பியரன்ஸ், அதாவது நிறமும் டெக்ஸ்ச்சரும் சேர்ந்த தோற்றம், கொடுப்பதில் வரும் சிக்கல்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டரிங் (மாடலைப் புகைப்படம் போலப் படமாக்குவது) தனிக் கதை, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கேள்வி: பம்ப் கேசிங்கின் பார்ட் ஃபைலைத் திறந்து நீலத்தைப் பச்சையாக மாற்றினேன். பார்ட்டில் பச்சையாகத்தான் இருக்கிறது. பார்ட்டுகளைச் சேர்த்து வைத்த அசெம்பிளிக்குப் போனால் அதே நீலம். ரீபில்ட் (மாடலை மறுபடி கணக்கிட வைப்பது) செய்தும் பார்த்தாயிற்று.

பதில்: ரீபில்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அசெம்பிளிக்குள் வைத்து யாரோ அந்த காம்பொனென்ட்டுக்கு (அசெம்பிளியில் சேர்த்த பார்ட்டுக்கு) நீலம் பூசிவிட்டார்கள்.

சாலிட்வொர்க்ஸில் நிறம் அடுக்கடுக்காக உட்காரும். அடியில் பார்ட், அதற்கு மேல் பாடி (பார்ட்டுக்குள் ஒரு தனித் துண்டு), அப்புறம் ஃபீச்சர் (துளை, வெட்டு போன்ற ஒரு அம்சம்), அப்புறம் ஃபேஸ் (ஒரு பரப்பு). பார்ட் முழுக்கச் சாம்பல் பூசியிருந்தாலும், ஒரு ஃபேஸுக்குத் தனியாகச் சிவப்பு கொடுத்திருந்தால் அந்த இடத்தில் சிவப்புதான் தெரியும். இந்த நாலையும் மூடிக்கொண்டு உட்காருவது காம்பொனென்ட் நிறம். அது அசெம்பிளி ஃபைலில்தான் சேமிப்பாகும். பார்ட் ஃபைலில் அதன் சுவடே இருக்காது. அதனால்தான் பார்ட்டில் எத்தனை முறை மாற்றினாலும் அசெம்பிளி அசையவில்லை.

அசெம்பிளியில் கேசிங்கை க்ளிக் செய்யுங்கள். வருகிற குட்டி டூல்பாரில் வண்ணப் பந்து ஐகானை அழுத்தினால் ஃபேஸ், ஃபீச்சர், பாடி, பார்ட், காம்பொனென்ட் என்று வரிசையாகக் காட்டும். காம்பொனென்ட் வரியில் இருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியைத் தட்டுங்கள். நீலம் போய் உங்கள் பச்சை வந்துவிடும்.

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு இதுவேதான் விடை. "நிறம் மாறவில்லை" என்றால் முதலில் நிறங்களைப் பட்டியலிடும் டிஸ்ப்ளே மேனேஜர் பேனலைத் திறந்து, எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ஃபேஸ் நிறமே கொடுக்கக் கூடாதா அண்ணா?

பதில்: கொடுக்கலாம் தம்பி, காரணம் இருந்தால். காஸ்டிங் மாடலில் மெஷினிங் செய்யும் பரப்புகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுப்பது நல்ல பழக்கம். எங்கே மெட்டல் எடுக்க வேண்டும், எது வார்த்தபடியே இருக்க வேண்டும் என்று பார்த்ததும் புரியும். அழகுக்காக ஃபேஸ் ஃபேஸாகப் பூசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பிறகு ஒருவர் மொத்த நிறத்தையும் மாற்ற வரும்போது அங்கங்கே பழைய நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: பம்ப் கேசிங்குக்கு காஸ்ட் அயர்ன் அப்பியரன்ஸ் கொடுத்தேன். எடை மட்டும் 5 கிலோ என்று காட்டுகிறது. இது சாத்தியமே இல்லை.

பதில்: நீங்கள் கொடுத்தது தோற்றம், மெட்டீரியல் இல்லை. மெட்டீரியல் கொடுக்காத பார்ட்டுக்கு சாதாரணமாகக் கன மீட்டருக்கு 1000 கிலோ, அதாவது தண்ணீரின் அடர்த்தியை வைத்துத்தான் கணக்குப் போடும். கிரே காஸ்ட் அயர்னுக்கு 7200. உங்கள் கேசிங் நிஜத்தில் 36 கிலோ வரும். ஃபீச்சர் ட்ரீயில் மெட்டீரியலை ரைட் க்ளிக் செய்து கொடுங்கள். அதற்குரிய தோற்றமும் கூடவே வந்துவிடும். கிரேன், ஹூக் எல்லாம் இந்த எடையைப் பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள், விளையாட்டில்லை.

கேள்வி: மாடுலர் கிச்சன் டிசைன் செய்கிறேன். லேமினேட் படத்தை டெக்ஸ்ச்சராகப் போட்டால் மரத்தின் ரேகை ஒரு ஷட்டரில் பெரிதாகவும் இன்னொன்றில் பொடியாகவும் வருகிறது. சிலவற்றில் படுக்கை வாட்டில் ஓடுகிறது.

பதில்: அளவை சாஃப்ட்வேரின் கையில் விட்டதுதான் காரணம். அப்பியரன்ஸை எடிட் செய்து அட்வான்ஸ்டு பக்கத்தில் மேப்பிங் டேபுக்குப் போங்கள். உங்களிடம் இருக்கும் படம் முழு 8×4 ஷீட்டின் படம் என்றால் அகலம் 1220, உயரம் 2440 மில்லிமீட்டர் என்று நிஜ அளவையே கொடுங்கள். ஷீட்டின் ஒரு துண்டு மட்டும் என்றால் அந்தத் துண்டின் அளவு. எல்லா ஷட்டருக்கும் ஒரே எண்கள். படுக்கையாக ஓடுவதற்கு அங்கேயே ரொட்டேஷனில் 90 டிகிரி கொடுத்தால் சரியாகிவிடும். பலகை மாதிரியான பார்ட்டுக்கு பாக்ஸ் மேப்பிங் (பெட்டியைச் சுற்றி ஒட்டுவது போலப் படத்தைப் போர்த்துவது) போதும். விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் பட்டை வேறு நிறம் என்றால் அந்த ஃபேஸ்களுக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். ஃபேஸ் நிறத்துக்கு நியாயமான இன்னொரு இடம் இது.

கூடவே ஒன்று. அந்தப் படம் உங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ ஃபோல்டரில் இருக்கும். ஃபைலை வேறொருவருக்கு அனுப்பினால் அவர் திரையில் டெக்ஸ்ச்சர் வராமல் போகலாம். டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் மாடல் டிஸ்ப்ளே பக்கத்தில், அப்பியரன்ஸ் விவரங்களை மாடல் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கும் டிக் ஒன்று இருக்கிறது. போட்டுவிடுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

கேள்வி: ஒரே மெஷின், மூன்று நிறம். மூன்று கான்ஃபிகரேஷன் (ஒரே ஃபைலுக்குள் மாடலின் வேறு வேறு வடிவங்கள்) போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: நிறம் மட்டும்தான் வித்தியாசம் என்றால் கான்ஃபிகரேஷன் வீண் சுமை. டிஸ்ப்ளே ஸ்டேட் (தோற்றத்தை மட்டும் சேமிக்கும் நிலை) போடுங்கள். நிறம், மறைத்தல், டிரான்ஸ்பரன்ஸி, ஷேடட் அல்லது வயர்ஃப்ரேம் எல்லாம் அதில் பதிவாகும். ட்ராயிங் வியூவிலும் எந்த ஸ்டேட் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: நிறம் மாற்றும்போது அது இந்த ஸ்டேட்டுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று அதே பேனலில் கேட்கும். பார்க்காமல் ஓகே கொடுத்தால் குழப்பம்.

பாகங்களே மாறுகின்றன, விலைக்கணக்கு தனி, பார்ட் நம்பர் தனி என்றால் கான்ஃபிகரேஷன்தான்.

கேள்வி: மாடலை நிஜம் போலக் காட்டும் ரியல்வியூ பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

பதில்: பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு ஆதரவுப் பட்டியலில் இருக்காது. கேமிங் கார்டு என்றால் அதுதான் காரணம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் குறுக்கு வழிகள் நிறையச் சுற்றுகின்றன. கம்பெனி மெஷினில் வேண்டாம். ரியல்வியூ இல்லாமலும் வேலை நடக்கும்.

கேள்வி: கஸ்டமருக்கு ஸ்டெப் ஃபைல் (வேறு டிசைன் சாஃப்ட்வேர்களும் திறக்கும் பொது வடிவம்) அனுப்பினோம். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகப் போயிருக்கிறது என்கிறார்.

பதில்: ஸ்டெப்பின் ஏபி203 வகையில் சேமித்திருப்பீர்கள். ஏபி214-ஐத் தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்புங்கள், பாடி, ஃபேஸ் நிறங்கள் போகும். மர ரேகை, நர்லிங் (பிடிப்புக்காகப் பரப்பில் போடும் சொரசொரப்பு வரிகள்) போன்ற டெக்ஸ்ச்சர்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடிக் கவரை டிரான்ஸ்பரன்ட் ஆக்கினேன். இப்போது அதை க்ளிக் செய்தால் உள்ளே இருக்கும் மோட்டார் செலக்ட் ஆகிறது.

பதில்: ஷிஃப்டை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யுங்கள்.

கேள்வி: பேனல் போர்டுக்கு ரால் நிறப் பட்டியலின் 7035 கேட்டிருக்கிறார்கள். திரையில் அதே நிறம் கொண்டுவர எந்த எண்கள் கொடுப்பது?

பதில்: இணையத்தில் கிடைக்கும் ஆர்ஜிபி எண்கள் எல்லாம் தோராயம்தான். சீன் (மாடலின் பின்னணி) மாறினால், வெளிச்சம் மாறினால், மானிட்டர் மாறினால் நிறமும் மாறும். 7035 லைட் கிரே, 7032 பெபிள் கிரே. பின்னது லேசாக மஞ்சள் கலந்தது. திரையில் தனித்தனியாகப் பார்த்தால் எது எது என்று சொல்லவே முடியாது. இந்திய ஐஎஸ் 5 பட்டியலின் 631-ம் லைட் கிரேதான், ஆனால் அதை ரால் எண்ணுக்குச் சமம் என்று எழுதிவிடாதீர்கள். திரையில் ஏதோ ஒரு வெளிர் சாம்பல் போதும். எண்ணை ட்ராயிங் நோட்டில், பளபளப்பு மேட்டா கிளாஸா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பவுடர் கோட்டிங்காரர் பார்ப்பது நோட்டைத்தான். ஒப்பிட அவரிடம் ஷேட் கார்டு இருக்கும்.

கேள்வி: கைப்பிடிக்கு நர்லிங் அப்பியரன்ஸ் கொடுத்து 3டி பிரின்ட் எடுத்தேன். வழவழவென்று வந்திருக்கிறது.

பதில்: அது மேடு பள்ளம் போலத் தெரியும் படம், ஜியோமெட்ரி இல்லை. 2019 பதிப்பில் வந்த 3டி டெக்ஸ்ச்சர் என்ற கருவி, படத்தின் வெளிர்ந்த, கறுத்த பகுதிகளைப் பார்த்து நிஜ மேடு பள்ளமாக மாற்றித் தரும். கிடைப்பது மெஷ் பாடி (குட்டி முக்கோணங்களால் ஆன பாடி), அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் செய்யுங்கள். லேத்தில் செய்யப்போகும் கைப்பிடிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அப்பியரன்ஸை அப்படியே விட்டு, ட்ராயிங்கில் நர்லிங் வகையையும் பிட்சையும் குறித்தால் போதும்.