வாய்க்கால் உணரிகளின் பற்றரி ஏன் பத்து நாளில் தீர்கிறது?

கேள்வி: படுவான்கரையில் எங்கள் வட்டையின் (வயல்வெளியின்) வாய்க்கால்களிலும் வயல்களிலும் 18 நீர்மட்ட உணரிகளைப் பொருத்தியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 30 செக்கனுக்கு ஒரு தடவை அளவெடுத்து, பக்கத்து உணரிகள் வழியாக, வீதியோரம் சிம் அட்டையுடன் இருக்கும் பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து எல்லாம் இணையச் சேவையகத்துக்குப் போகிறது. பற்றரி பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. பெட்டிக்கு அருகில் உள்ளவை முதலில் அணைந்துவிடுகின்றன. மழை பிடித்தால் தொடர்பு அறுந்து, எச்சரிக்கையும் வராமல் போகிறது. என்ன செய்யலாம்?
விவசாயிகள் அமைப்பொன்றின் செயலாளர், மட்டக்களப்பு

பதில்: பெட்டிக்கு அருகில் உள்ளவை முதலில் அணைகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைக் காட்டிக்கொடுப்பது அந்த வரிதான். ஓர் உணரி நாளொன்றுக்கு 2,880 அளவுகளை எடுக்கிறது. பதினெட்டும் சேர்ந்தால் 51,840. அத்தனையும் பெட்டியை ஒட்டிய ஓரிரண்டின் தலையில் வந்து விழுகின்றன. இத்தகைய கருவிக்குக் கணக்குப் போடுவது மலிவு. வானலையில் பேசுவதும், பிறர் பேசுவதைக் கேட்கக் காதைத் திறந்துவைத்திருப்பதும்தான் செலவு. ஆகவே பெரிய பற்றரி வாங்காதீர்கள். பத்து நாள் இருபதாகும், அவ்வளவுதான்.

தீர்வின் வடிவம் உங்கள் வட்டையிலேயே இருக்கிறது. தண்ணீர் எட்டாத ஒவ்வொருவரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் ஓடுவதில்லை. வயல்களுக்கான நீரைக் கவனிக்கும் வட்டை விதானை வரம்போடு நடந்து பார்த்து, தொகுத்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறார். உணரிகளும் அப்படியே வேலை செய்யட்டும்: தரவை எல்லாம் சேவையகத்துக்கு இழுத்துவந்து கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கேள்வியை உணரிகளிடம் அனுப்புங்கள். பேர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2002இல் முன்வைத்த 'டேக்' என்ற முறை இதைத்தான் செய்தது. உணரிகள் ஒரு மரம்போல இணைகின்றன. இலையில் பிறக்கும் அளவுகள் கிளைதோறும் சுருங்கி, வேரான பெட்டிக்கு ஒரு விடையாக வந்து சேர்கின்றன.

சுருக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். மேற்கு வாய்க்காலில் மூன்று உணரிகள், சராசரி 12 சென்ரிமீற்றர். கிழக்கில் ஒன்று, 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். இரண்டு சராசரிகளுக்கும் சராசரி எடுத்தால் 16 வரும். உண்மை விடை 14. எனவே கிளை உணரி சராசரியை அனுப்பக் கூடாது. கூட்டுத்தொகை 36, எண்ணிக்கை 3 என்று இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். அதற்கு மேலே, அதாவது பெட்டிக்கு இன்னும் அருகில், உள்ள உணரி அவற்றோடு தன்னுடையதைக் கூட்டிக்கொள்ளும். வகுப்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் இதைவிட எளிது. இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) வேண்டுமென்றால் மட்டும் எல்லா எண்களும் மேலே வந்தாக வேண்டும். அதைக் கேட்காதிருப்பதே நல்லது. இன்னொன்று: செய்தி தவறிவிடக் கூடாதென்று ஓர் உணரி இரண்டு வழியால் அனுப்பினால், கூட்டுத்தொகையில் அது இரண்டு தடவை ஏறிவிடும். மிகக் கூடிய அளவுக்கு அந்த ஆபத்து இல்லை.

எச்சரிக்கையைச் சராசரியோடு கலக்காதீர்கள். உன்னிச்சைக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படும் நாளில், சேவையகம் விழித்துச் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு உணரியும் தன் கடைசி 20 அளவுகளை நினைவில் வைத்திருந்தால் அது பத்து நிமிடச் சாளரம். அந்தச் சாளரத்துக்குள் மட்டம் 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினால், உணரி அந்த இடத்திலேயே மணியை ஒலிக்கட்டும். பிறகு செய்தி அனுப்பட்டும். எத்தனை சென்ரிமீற்றர் என்பதை உங்கள் வாய்க்காலின் ஆழத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டி அந்தச் செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பட்டும். இணைய இணைப்புத் தடுமாறும்போதும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

மற்ற வேளைகளில், மட்டம் ஒரு சென்ரிமீற்றராவது மாறினால்தான் உணரி பேச வேண்டும். ஆனால் பேசாத உணரி நலமாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மணிக்கொரு தடவை, மாற்றம் இல்லாவிட்டாலும், பற்றரியின் மின்னழுத்தத்தைச் சொல்லும் சிறு செய்தி ஒன்று வரட்டும். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையைக் கூடவே அனுப்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: விடை 18க்குப் பதிலாக 11 உணரிகளிலிருந்து வந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, கீழுள்ளவை பேச மேலுள்ளவை கேட்டு, பிறகு உறங்கினால்தான் பற்றரி மிஞ்சும். அதற்குக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். மலிவுக் கருவியின் கடிகாரம் உறக்கத்தில் வழிதவறும். பெட்டி நாள்தோறும் ஒரு தடவை நேரத்தைச் சொல்லித் திருத்தட்டும்.

சுருக்கப்பட்ட விடையில் பழுது ஒளிந்துகொள்ளும். தண்ணீருக்கு மேலே தொங்கும் ஒலியலை உணரியின் வாயில் சிலந்தி வலை பின்னினால், ஒலி வலையில் பட்டு உடனே திரும்புவதால், அது வாய்க்கால் நிரம்பியதாகச் சொல்லும். சராசரியில் அது சில சென்ரிமீற்றராகக் கரைந்துபோகும். ஆகவே சராசரியோடு மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும், எந்த உணரி என்ற எண்ணோடு அனுப்புங்கள். மூல அளவுகளை ஒவ்வொரு கருவியிலும் ஒரு நினைவக அட்டையில் எழுதிவையுங்கள். வெட்டு முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்போக மழைக்கு முன், நான்கைந்து உணரிகள் உள்ள ஒரு கிளையில் மட்டும் இதைச் செய்யுங்கள். மற்றவை இப்போதுபோலவே ஓடட்டும். பத்தாம் நாள் இரண்டு பக்கத்துப் பற்றரிகளின் மின்னழுத்தத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள்.