வீட்டு கராஜில் குறைந்த செலவில் ஒரு டிரிஃப்ட் (பின்சக்கரம் வழுக்கப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டும்) பிக்கப் கட்ட முடியுமா? பழைய எஞ்சின் பாகங்களை எவ்வளவு நம்பலாம்?

முடியும். ஹூஸ்டனுக்கு வெளியே என் வீட்டு கராஜில் ஒன்று கட்டியிருக்கிறேன். பைப்லைன் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் கூடவே நின்றார். 14 மாதம் ஆனது, பெரும்பாலும் சனிக்கிழமைகள். வெல்டிங் மெஷினைக் கணக்கில் சேர்க்காமல் 8,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதனால் அதில் அதிக நேரம் நிற்கிறேன்.

முதலில் வண்டி. எங்களுடையது 1998 செவ்ரோலே எஸ்-10 என்ற சின்ன பிக்கப், நாலு சிலிண்டர், எஞ்சின் செத்துப்போனது, 900 டாலர். டிரிஃப்டுக்கு எல்லோரும் தேடுவது நிசான் 240எஸ்எக்ஸ் கார். தேடித் தேடியே அதன் விலை ஏறிவிட்டது. எஸ்-10 பக்கம் அவ்வளவு பேர் திரும்புவதில்லை. ஆனால் பின்சக்கர இழுவை, தனியாக ஏணிபோல் ஒரு சேசிஸ், முன்பக்கம் மேலும் கீழும் இரண்டு கை வைத்த சஸ்பென்ஷன், எஞ்சின் அறையில் தாராளமான இடம் என்று தேவையானதெல்லாம் அதில் இருக்கிறது.

எஞ்சினை செவ்ரோலேயின் பெரிய பிக்கப்பான 2002 சில்வராடோ ஒன்றிலிருந்து எடுத்தோம். இங்கே நாமே ஸ்பானர் கொண்டுபோய்க் கழற்றிக்கொள்ளும் காயலான் கடைகள் உண்டு. 5.3 லிட்டர் வி8, எல்எம்7 என்பார்கள். இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), சுமார் 285 குதிரைத்திறன். அந்தக் காலத்து கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினும் இதே குடும்பம் என்பதால் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 550 டாலர். வயர்களை வெட்டாமல் பொறுமையாக உருவி எடுங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கும். அதை மென்பொருளில் நீக்கினால்தான் வேறு வண்டியில் எஞ்சின் தொடர்ந்து ஓடும்.

சரி, பழைய பாகங்கள். பிளாக், கிராங்க் தண்டு, சிலிண்டர் ஹெட் போன்ற பெரிய இரும்பு, அலுமினியப் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தயங்காமல் மறுபடி போடலாம். டேப்பட்டுகளை (வால்வைத் தள்ளும் சிறு உருளைகள்) கழற்றினால் எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் கேம் தண்டின் தன் மேட்டில் உருண்டு பழகியிருக்கும். முட்டைத் தட்டில் எண் எழுதி வைத்தோம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடியும் அப்படித்தான். அதை அறுத்துப் பிரிப்பதில்லை, உடைத்துப் பிரிக்கிறார்கள். அந்த உடைந்த முகம் தன் ஜோடியோடு மட்டுமே சேரும். ஹெட் போல்ட்டுகளை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். இந்த எஞ்சினில் அவை இறுக்கும்போதே நீண்டு பிடிப்பவை, ஒருமுறை நீண்டது மறுமுறை அதே பிடி தராது. கேஸ்கெட்டும் ரப்பர் வளையங்களும் கண்டிப்பாகப் புதிது.

ரப்பர் வளையம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் எங்களை அழ வைத்தது அதுதான். சில்வராடோவின் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, ஆழமானது, எஸ்-10 சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். அதனால் 1998-2002 செவ்ரோலே கமாரோ காரின் சம்ப்பைப் போட்டோம். சம்ப் மாறினால் ஆயில் உறிஞ்சும் குழாயும் மாற வேண்டும். குழாயை மாற்றினோம். அது பம்ப்பில் நுழையும் இடத்தில் மோதிரம் அளவுக்கு ஒரு வளையம் இருக்கிறது. கடை மூடிவிட்டது, திங்கள்வரை காத்திருக்க மனமில்லை, பழையதையே துடைத்துப் போட்டேன். முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் அழகாகப் பிடித்தது. ஆனால் ஆயில் பிரஷர் முள் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பக்கத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. உடனே அணைத்தோம். எஞ்சினைத் தூக்கி, சம்ப்பைக் கழற்றி, குழாயை உருவினால் வளையம் சப்பையாகி, கடினமாகி, நகத்தால் நெம்பியதும் அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது. அந்த இடைவெளியில் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது. புதிது சில டாலர்தான். போட்டதும் முள் 45-இல் போய் அசையாமல் நின்றது. இன்னும் ஒரு நிமிடம் ஓட விட்டிருந்தால் பேரிங் எல்லாம் போயிருக்கும்.

எரிபொருளுக்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். 1999-2003 கார்வெட்டின் ஃபில்டருக்குள்ளேயே அழுத்தத்தைச் சீராக வைக்கும் 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது. இந்த எஞ்சினுக்குத் தேவையான அழுத்தமும் அதுவே. தனி ரெகுலேட்டர் வாங்க வேண்டாம்.

பின் ஆக்சில் 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருடையது, டிஸ்க் பிரேக்கோடு வருகிறது. எஸ்-10-இன் சொந்த ஆக்சில் வி8 முன்னால் தாங்காது. ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களை வெட்டிவிட்டுப் புதிதாக வெல்ட் செய்ய வேண்டும். முதலில் டாக், அதாவது சின்னப் புள்ளி வெல்ட், மட்டும் வையுங்கள், வண்டியின் எடையை ஏற்றிப் பினியன் கோணத்தை (எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு ஆக்சிலில் சேரும் கோணம்) பார்த்துவிட்டு முழு வெல்டுக்குப் போங்கள். அதுவும் ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் என்று ஆற விட்டுச் செய்தால் ஆக்சில் குழாய் வளையாது. அந்த வெல்டர் பெரியவர் ஒவ்வொரு முறையும் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவார். அப்புறம், ஃபோர்டின் ஐந்து போல்ட் வட்டம் 114.3 மில்லிமீட்டர், செவ்ரோலேயுடையது 120.65. முன் சக்கரம் பின்னால் ஏறாது, ரிம் வாங்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

காலிப் பிக்கப்பின் வால் லேசு. ரேடியேட்டரையும் பேட்டரியையும் பின் தொட்டிக்குக் கொண்டுபோனோம். ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொண்டு ஆக்சில் குதிப்பதை நிறுத்த, ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு இரண்டு இழுவைக் கம்பிகளும் போட்டோம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ரோல் கேஜையும் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) ஸ்டியரிங் நக்கிளையும் (முன் சக்கரத்தைத் திருப்பும் பாகம்) வீட்டில் செய்து பழகக் கூடாது. கேஜை அதற்கென்றே இருக்கும் பட்டறையில் செய்தோம், நக்கிளை விலைக்கு வாங்கினோம். வெல்டிங்குக்கு முன் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் எதையும் துடைக்காதீர்கள், சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். தயவுசெய்து இதை உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள். ஓட்டுவது மூடிய டிராக்கில் மட்டும், தெருவில் வேண்டவே வேண்டாம்.

இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால், பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துப் போங்கள். பின் ஆக்சிலுக்கு மேல் சேசிஸ் வளையும் இடத்தில் தட்டுங்கள். பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களிலிருந்து வந்த வண்டி என்றால் அங்கேதான் உள்ளிருந்து அரிக்கும். கணீரென்று கேட்டால் விலை பேசுங்கள். பொத்தென்று கேட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.