இளைப்பது வேறு, கரைவது வேறு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 88 கிலோ இருந்தேன். சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், காலையில் ஒரு மணி நேரம் நடை, ராத்திரி ராகிக் கஞ்சி மட்டும், தினமும் கொள்ளு ரசம் என்று மூன்றே மாதத்தில் 76-க்கு வந்துவிட்டேன். ஆனால் போன வாரம் ஒரு சீர் வீட்டில் பார்த்தவர்களெல்லாம், "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று கேட்டார்கள். கன்னம் ஒட்டிவிட்டது, தொப்பை அப்படியே இருக்கிறது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்குத் தூக்கிப்போனால் தொடை நடுங்குகிறது. ஜிம்மில் இருக்கும் பையன், "மொதல்ல வெயிட்டை முழுசா கொறைச்சுட்டு வாங்க, அப்பறம் ஒடம்பு ஏத்திக்கலாம்" என்கிறான். இரண்டையும் ஒன்றாகச் செய்யவே முடியாதா?

கே., அவிநாசி

அன்புள்ள கே.,

முடியும். உங்களைப் போல இதுவரை எடையே தூக்காதவர்களுக்கு, உடம்பில் கொழுப்பு மிச்சம் இருப்பவர்களுக்கு, நன்றாகவே முடியும். அந்தத் தம்பி சொன்னது, வருடக்கணக்கில் தசை ஏற்றிவைத்திருக்கும் போட்டிக்காரர்களின் முறை. நீங்கள் இன்னும் ஐந்தாறு கிலோவை இதே வழியில் இறக்கினால் அதிலும் ஒரு பங்கு தசையாகத்தான் போகும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். எடை கூடிய 40 இளைஞர்கள். தேவையைவிட நூற்றுக்கு 40 பங்கு குறைவான சாப்பாடு, வாரம் 6 நாள் கடும் பயிற்சி, மொத்தம் 4 வாரம். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்ட குழுவில் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு இறங்கியது. கொழுப்பு நீங்கலான எடை 1.2 கிலோ ஏறியது. கிலோவுக்கு 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. தசை பெரிதாக ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. அவர்கள் இளவயசுக்காரர்கள், பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொண்டது. உங்களுக்கு அந்த வேகம் வராது. ஆனால் வழி அதுதான்.

உங்கள் சாப்பாட்டில் புரதம் எங்கே இருக்கிறது? காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி கஞ்சி என்றால் நாளைக்கு 40 கிராம் தாண்டுவதே கஷ்டம். உங்களுக்கு 90-லிருந்து 120 கிராம் வரை வேண்டும்.

கொள்ளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது கொழுப்பைக் கரைக்கும் என்று நம் பக்கம் எல்லோரும் நம்புகிறார்கள். கொழுப்பைக் குறைத்தது நீங்கள் குறைத்த சாப்பாடு. கொள்ளின் நிஜமான பெருமை, 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பது. அதைத்தான் நாம் வீணாக்குகிறோம். வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் வைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கிறோம். வெந்த பயறு 'வாயு' என்று மாட்டுக்குப் போய்விடுகிறது. புரதம் பெரும்பாலும் அந்தப் பயறில் இருக்கிறது. சீரகம், மல்லி, வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் வைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டிய கொள்ளுப் பருப்பை ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொள்ளுங்கள், சோறு பாதி போதும். அரிசிம்பருப்புச் சாப்பாட்டிலும் பருப்பின் பங்கைக் கூட்டச் சொல்லுங்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. 4 முட்டையில் 24 கிராம் கிடைத்துவிடும். 150 கிராம் கோழிக்கறியில் 30 கிராமுக்கு மேல். கறி சாப்பிடாத நாளில் 50 கிராம் சோயா உருண்டை, 25 கிராமுக்குக் குறையாது. நிலக்கடலை நல்லதுதான், ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, அளந்து சாப்பிடுங்கள்.

சாப்பாடு மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் உடம்பு அதை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளும். நடையை நிறுத்த வேண்டாம், ஆனால் நடை மட்டும் இதைச் செய்யாது. வாரம் மூன்று நாள் எடை தூக்குங்கள். அந்த அரிசிச் சிப்பத்தை வைத்தே ஆரம்பிக்கலாம். பழைய சாக்கில் 10 கிலோ போட்டுக் கட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவே வையுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை வளைக்காமல் குனிந்து, சாக்கின் இரண்டு காதுகளையும் பிடியுங்கள். தரையைக் காலால் அழுத்தி எழுந்திருங்கள். பத்துத் தடவை. கடைசி இரண்டு சிரமமாக இருந்தால் அந்த எடை சரி. சுலபமாகிவிட்டால் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். இப்படிக் கூட்டிக்கொண்டே போவதில்தான் தசை வளர்கிறது. இதோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் தண்டால். ஜிம்முக்குப் போனால் முதுகுக்கு இழுக்கும் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.

ஷிப்மென்ட் நேரத்தில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? 2010-ல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில் 10 பேருக்கு ஒரே அளவாகக் குறைத்த சாப்பாடு கொடுத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும் இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட 3 கிலோ குறைந்தது. ஆனால் கொழுப்பாகப் போனது, நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ, தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ. உங்கள் ஒட்டிய கன்னத்துக்கும் தொங்கும் தொப்பைக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்காதீர்கள். தொப்புள் சுற்றளவை மாதம் இரண்டு முறை டேப்பால் அளந்து, தூக்கும் எடையோடு சேர்த்து எழுதி வையுங்கள். எடை நின்றுபோய்ச் சுற்றளவு குறைந்தால் பயப்பட வேண்டாம், நீங்கள் கேட்டது நடக்கிறது என்று அர்த்தம். புரதத்தைக் கூட்டும் முன் சுகரோடு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் பார்த்து, ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மேலே சொன்ன அளவு உங்களுக்குப் பொருந்தாது.