இரண்டாவது கேமரா எங்கே நிற்கும்?

கேள்வி: அடுத்த மாதம் தங்கைக்குத் திருமணம், 300 பேர் வருவார்கள். பேசி வைத்திருக்கும் போட்டோகிராபர், "கூட இன்னொருத்தரையும் கூட்டி வருகிறேன், அதற்குத் தனியாகப் பணம் ஆகும்" என்கிறார். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இரண்டாவது ஆள் நிஜமாகவே தேவையா, இல்லை நம் தலையில் கட்டப் பார்க்கிறாரா?

பதில்: தலையில் கட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. 300 பேர் வரும் திருமணம் என்றால், வேறு ஏதாவது ஒரு செலவைக் குறைத்துக்கொண்டாவது இரண்டாவது ஆளை வையுங்கள் என்றுதான் சொல்வேன். படம் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பதற்காக இல்லை. 2,000 படத்துக்குப் பதில் 4,000 வந்தால் ஆல்பத்துக்குப் பொறுக்கி எடுப்பதற்குள் உங்களுக்குத்தான் கண் வலிக்கும். விஷயம் வேறு. முக்கியமான அந்த ஒரு நிமிடத்தில் முதல் போட்டோகிராபர் மணமக்களின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் யாருக்கும் கிடைக்காமல் போய்விடுகிறது.

ஒரு திருமணத்தில் நான் மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் மணப்பெண்ணின் பாட்டி. முன்னால் நிற்கிறவர்கள் மறைத்ததில் அவருக்கு மேடையே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நாற்காலியில் ஏறி நின்று, கையைக் குவித்துப் பாட்டியின் காதில் வைத்து, நடப்பதை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். இதை எடுத்தது என்னுடன் இரண்டாவது ஆளாக வந்த தம்பி. கடைசியில் அந்த வீட்டுக்காரர்கள் பெரிதாக்கி மாட்டியது அந்தப் படத்தைத்தான். நான் எத்தனை வருடம் இந்த வேலையைச் செய்திருந்தாலும், நின்ற இடத்திலிருந்து எனக்கு அது கிடைத்திருக்காது.

மற்றதெல்லாம் நீங்களே யோசித்தால் தெரிந்துவிடும். மணமகளும் மணமகனும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் தயாராகிறார்கள், ஒரு ஆள் எங்கே போவார்? குரூப் போட்டோ ஆரம்பித்தால் முதல் ஆள் அதிலேயே மாட்டிக்கொள்வார், வெகுநாள் கழித்துச் சந்திக்கும் சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்துப் பேசிச் சிரிப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். ஒருவர் அகலமாகப் பிடிக்கும் 24-70 லென்ஸோடு கிட்டே நின்று முழுக் காட்சியையும் எடுத்தால், இன்னொருவர் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்று, யாருக்கும் தெரியாமல் முகங்களை மட்டும் எடுக்கலாம். அப்புறம், கேமரா கீழே விழலாம், போட்டோகிராபருக்கே காய்ச்சல் வரலாம். இந்த நாளைத் திரும்ப நடத்த முடியாது.

போன் பற்றிக் கேட்டீர்கள். வெளிச்சம் குறைந்த கூடத்தில் தூரத்தில் இருக்கும் முகத்தை போனில் எடுத்துப் பாருங்கள், அப்புறம் அதை ஆல்பம் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கேள்வியே வராது.

கேள்வி: "இரண்டு பேர் வருவோம்" என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் கேமராவையே தொடவில்லை, விளக்கைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு என்ன செய்வது?

பதில்: அவர் உதவியாளர். பையைத் தூக்கவும் விளக்கு பிடிக்கவும் ஆள் கட்டாயம் வேண்டும், நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவர் இரண்டாவது போட்டோகிராபர் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்: வருகிறவர் தனியாகப் படம் எடுப்பாரா, எத்தனை மணி நேரம் இருப்பார், அவர் தனியாக எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? அவர் எடுப்பதும் அதே மாதிரி கலர் சரிசெய்து, ஒரே தொகுப்பாகக் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்வி: 40 பேர் மட்டும், ஒரே அறையில், இரண்டு மணி நேர நிகழ்ச்சி. இரண்டு பேர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். சின்ன அறையில் ஒருவர் எடுக்கும் படத்தில் இன்னொருவர் வந்து நிற்பார், விருந்தினருக்கும் தொந்தரவு. ஒரு நல்ல ஆள் போதும். ஆனால் கருத்தரங்கு மாதிரி ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் நடப்பது என்றால், பேர் குறைவாக இருந்தாலும் இரண்டு ஆள் வேண்டும்.

கேள்வி: சித்தப்பா மகனிடம் நல்ல கேமரா இருக்கிறது. அவனையே இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆசைக்கு எடுக்கட்டும், பொறுப்பை அவன் தலையில் வைக்காதீர்கள். அவன் அன்றைக்குச் சொந்தக்காரன். யாராவது கூப்பிட்டால் போக வேண்டும், படத்திலும் நிற்க வேண்டும், சாப்பிடவும் வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் அந்த வருத்தம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும்.

கேள்வி: நான் இப்போதுதான் தொழில் கற்றுக்கொள்கிறேன். முதல் முறையாக ஒரு திருமணத்துக்கு செகண்ட் ஷூட்டராக, அதாவது இரண்டாவது போட்டோகிராபராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் வேலை, இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்குவது. ஒரு தடவை நான் இதை மறந்துவிட்டேன், என் கேமரா ஏழு நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது, நேரப்படி அடுக்கியபோது ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எல்லோரும் கைதட்டுகிற மாதிரி வரிசை குழம்பிவிட்டது. சரிசெய்ய ஒரு ராத்திரி போயிற்று. கிளம்பும்போது இரண்டு கேமராவிலும் ஒரே போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், வித்தியாசம் இருந்தாலும் படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் நேரத்தை நகர்த்திவிடலாம். இரண்டு பேரும் ரா ஃபைலில் (கேமரா தானாகக் கலரை மாற்றி முடித்துவிடாமல் சேமிக்கும் கோப்பு) எடுங்கள், கலரை ஒன்றுபோலக் கொண்டுவருவது சுலபம்.

முதல் ஆள் எடுக்கும் அதே படத்தை அவர் தோளுக்கு மேலாக நீங்களும் எடுக்காதீர்கள், புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். அவருடைய கேமராவுக்குள் நீங்கள் விழாத இடமாக, தூண் பக்கமோ கதவு ஓரமோ, நிகழ்ச்சிக்கு முன்பே இரண்டு பேரும் நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த படங்களை உங்கள் சமூக வலைதளப் பக்கத்தில் போடலாமா என்பதையும் முதல் போட்டோகிராபரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள், அவரை நம்பித்தான் அந்தக் குடும்பம் உங்களையும் வீட்டுக்குள் விட்டது.