ஓரத்துப் பென்சில் எழுத்து

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 150 ரூபாய்க்குக் கிடைத்தது. ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை அழித்துவிட்டுப் படிக்கலாம் என்றிருக்கிறேன். முன்பு ஒருமுறை நூலகத்தில் எடுத்து, அதில் வரும் ஞானசபைத் தத்துவ விவாதத்தைத் தாண்ட முடியாமல் திருப்பிக் கொடுத்தவள் நான். இந்த முறை எப்படிப் படிப்பது ஐயா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அழித்துவிடாதீர்கள் அம்மா. நாவல் முதலில் வெளிவந்தது 1997இல். உங்களுடையது பழைய பதிப்பு என்றால், ரப்பர் பட்ட இடத்தில் தாளும் சேர்ந்து உரிந்து வரும்.

என் பிரதியும் பழையதுதான். திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மாலையில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர், விவாதம் வரும் பக்கங்களில் ‘இது சாங்கியம்’, ‘இது பௌத்தம்’ என்று, பேசப்படுவது எந்தத் தத்துவம் என்பதைப் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டே போயிருந்தார். கைப்பிடித்து அழைத்துப் போனதுபோல் இருந்தது எனக்கு. ஓரிடத்தில் ‘இன்று அம்மாவுக்கு ஆபரேஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அப்புறம் நாற்பது பக்கங்களுக்கு ஒரு கோடுகூட இல்லை. நாவலை விட்டுவிட்டு, அந்த அம்மா பிழைத்தாரா என்றுதான் பக்கம் பக்கமாகத் தேடினேன். மூன்றாம் பாகத்தில், வெள்ளம் வரும் இடத்தில், ‘அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்’ என்று இருந்தது. அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இனி, நீங்கள் நின்றுபோன இடம். அந்த நாவலின் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை ஓரிடத்தில் நின்று முழுதாகப் பார்க்க முடியாது. மூன்று பாகங்களின் பெயரும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று காலிலிருந்து தலைக்குப் போகின்றன. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்லவே! ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், நம்மாழ்வார் ‘புளிங்குடிக் கிடந்து’ என்று பாடிய திருப்புளியங்குடிக்குப் போயிருப்பீர்கள். சன்னதியில் நின்றால் பாதம் தெரியாது. வெளியே சுற்றி வரும்போது சுவரில் உள்ள ஜன்னல் வழியாகத்தான் பாத தரிசனம். ஆறு வயதில் எனக்கு அந்த ஜன்னல் எட்டவில்லை. தாத்தா தூக்கிப் பிடித்துக்கொண்டு, “உள்ளே பார்த்த முகத்தை மறந்துவிடாமல் பார்” என்றார்.

விவாதத்தையும் அப்படித்தான் படித்தேன். அங்கே வாதிட வரும் பௌத்தன் அஜிதன் பேசும்போது முழுக்க அவன் பக்கம் நில்லுங்கள். மறுப்பவர் பேசத் தொடங்கியதும் அவர் பக்கம் போய்விடுங்கள். ஆனால் அஜிதன் சொன்னது மனதில் இருக்கட்டும். யார் சொல்வது சரி என்று அந்தந்தப் பக்கத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். சென்ற முறை நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் வாசிப்பில் அதனால்தான் களைத்துப்போனேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். பலகாரம் சுட்டுக்கொண்டே படிக்கிற புத்தகம் அல்ல இது.

தொடங்கும் முன் பக்க எண்களை ஒருமுறை சரிபாருங்கள். தடித்த புத்தகங்களைப் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக மடித்துச் சேர்த்திருப்பார்கள். கட்டு தளர்ந்தால் ஒரு ஃபாரமே கழன்றுவிடும். குறைந்திருந்தால் தெரிவியுங்கள், என் பிரதியிலிருந்து நகல் எடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு முன்னால் படித்தவர் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.